தீவகத்துக் கடல் வரலாறு – 9: உடைந்த கப்பலின் கணக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் பஸ் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையைத் தாண்டி, வாணர் தாம்போதியில் ஓடிப் புங்குடுதீவுக் கரையில் குறிகட்டுவானில் நின்றுவிடும். அதற்கப்பால் வீதி இல்லை, கடல்தான். நயினாதீவுக்குப் போகிறவர்கள் இங்கே படகேறுவார்கள். இருபது நிமிடம் போல ஓடியதும் நாகபூசணி அம்மன் கோயிற் கோபுரம் கண்ணெதிரே வந்துவிடும். ஆனித் திருவிழாக் காலத்தில் அந்த இறங்குதுறையில் கால் வைக்க இடமிருக்காது. அடியவர்கள் அம்மனிடமும், தெற்கிலிருந்து வந்த யாத்திரிகர்கள் சற்றுத் தள்ளியுள்ள நாகவிகாரைக்குமாகப் பிரிந்து போவார்கள். கோயில் வளாகத்தில் எழுத்து வெட்டிய பழங்கல் ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் போகிறவர்கள் மிகச் சிலர்.

அந்தக் கல் ஒரு துறைமுகத்தின் சட்டம்.

பொலன்னறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தமிழில் வெட்டுவித்த ஆணை அது. தொடக்க வரிகள் சிதைந்துவிட்டன. கடைசியில் ஒரு வடமொழிப் பகுதி வருகிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா இதை வாசித்து, இன்ன அரசனுடையது என்று நிறுவி, 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். சிங்கள மன்னர் ஒருவர், தம் நாட்டின் வட கோடியில், கடலோடிகளுக்கும் வணிகர்களுக்கும் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லியிருக்கிறார். யாருக்குச் சொல்கிறோமோ அவர்களுக்கு விளங்க வேண்டும் அல்லவா? அன்று அந்தத் துறையில் இறங்கியவர்களுக்கு விளங்கிய மொழி எது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

ஆணை சொல்வது இதுதான். பரதேசிகள், அதாவது பிற நாட்டு வணிகர்கள், ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்படும். பல துறைகளிலிருந்தும் வருகிறவர்கள் இங்கே கூட வேண்டும். யானையும் குதிரையும் தமக்கு விருப்பமானவை என்கிறார் மன்னர். ஆகவே அவற்றை ஏற்றி வரும் மரக்கலம் கெட்டால், சரக்கில் நாலில் ஒரு பங்கை அரச பண்டாரம் எடுத்துக்கொண்டு, மீதி மூன்று பங்கையும் உடையவனிடம் விட வேண்டும். வேறு வாணிபச் சரக்குகளை ஏற்றி வந்த மரக்கலம் கெட்டால் சரி பாதி பண்டாரத்துக்கு, சரி பாதி உடையவனுக்கு. சூரிய சந்திரர் உள்ளவரை இந்த ஏற்பாடு நிற்க வேண்டும் என்று கல்லிலும் செம்பிலும் வெட்டச் சொன்னார்கள். நம் கைக்கு வந்திருப்பது கல்.

ஊராத்துறை என்று கல் சொல்லும் இடம் இன்றைய ஊர்காவற்றுறை. சிங்களத்தில் ஊராத்தொட்ட. அந்தச் சிங்களப் பெயரைப் பன்றித்துறை என்று பொருள் கொண்டு பாளியில் சூகரதித்த என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே செல்லுபடியாகும் ஆணையை நயினாதீவில் நாட்டியது ஏன் என்று கல்லில் காரணம் எழுதப்படவில்லை. ஆனால் கடலோடிகள் கரையிறங்கிக் கும்பிடும் இடம் எதுவோ, அங்கேதான் அறிவித்தல் வைப்பார்கள். இன்றைக்கும் மீனவச் சங்கங்களின் அறிவித்தல் கோயில் மதிலிலும் தேவாலய வாசலிலும்தான் ஒட்டப்படுகிறது.

‘மரக்கலம் கெட்டால்’ என்ற பேச்சு அந்தக் கடலில் வெறும் கற்பனை இல்லை. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் 15 மீற்றரைத் தாண்டாது. தீவுகளுக்கிடையே உள்ள களக்கடலில் பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். மணல் திட்டு இடம் மாறும், முருகைக்கல் நீருக்குள் ஒளிந்து கிடக்கும். சோளகம் பெயர்ந்து வாடை விழும் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து புயல் வரும். 1964 டிசம்பர் புயலில் எதிர்க்கரையில் தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்ததை இந்தத் தீவுகளின் முதியவர்கள் மறக்கவில்லை. பாரம் ஏற்றிய பாய்க்கப்பலுக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

கப்பல் உடைந்து பொருள் கரை ஒதுங்கினால் அது யாருக்கு? உலகக் கடற்கரைகள் பலவற்றிலும் பழைய காலத்து விடை இதுதான்: கரையை உடையவனுக்கு. கடல் கொண்டுவந்து போட்டது அரசனுக்கு வந்த காணிக்கை என்று கொள்வார்கள். தப்பிக் கரையேறிய மாலுமி தன் சரக்கை வேறொருவன் வீட்டு முற்றத்தில் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தமிழ் இந்தக் கேள்வியை இந்தக் கல்லுக்கு முன்னரே கேட்டிருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து, பாய்மரத் துண்டைப் பற்றி நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகிறான். கரை ஒதுங்கியவர்களைக் கொன்று தின்னும் நாகர்கள் அவர்கள். சாதுவனுக்கு அவர்களின் மொழி தெரிந்திருந்ததால் உயிர் தப்பினான். அவர்களின் தலைவனிடம் அவன் வேண்டியது, உடைந்த கலத்திலிருந்து உயிரோடு வருகிறவர்களைக் கொல்லாமல் காக்க வேண்டும் என்பது. அந்தத் தலைவன் அவ்வாறே ஏற்று, முன்பு உடைந்த கப்பல்களிலிருந்து சேர்த்து வைத்திருந்த அகிலையும் சந்தனத்தையும் துணிமணிகளையும் சாதுவனுக்குக் கொடுத்து அனுப்புகிறான். அதே காப்பியத்தில் வரும் மணிபல்லவம் நயினாதீவே என்று பலர் கருதுகிறார்கள். அந்த அடையாளம் சரியோ, பிழையோ, உடைந்த கலத்தின் அறம் பேசும் காப்பியத்தையும் உடைந்த கலத்தின் சட்டம் பேசும் கல்லையும் ஒரே தீவோடு சேர்த்து நினைக்க முடிகிறது என்பது இந்தத் தீவுக்குக் கிடைத்த பேறு.

பராக்கிரமபாகுவின் கல்லுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் பிந்தி, 1244–45இல், காகதீய மன்னர் கணபதிதேவர் ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் ஒரு தூணை நாட்டினார். முந்தைய அரசர்கள் புயலில் சிக்கி ஒதுங்கிய கப்பல்களின் பொன், யானை, குதிரை, மணி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். நாம் கருணையாலும் புகழுக்காகவும் அறத்துக்காகவும் விதித்த சுங்கத்தைத் தவிர வேறொன்றும் எடுக்க மாட்டோம் என்பது அந்தச் சாசனத்தின் சாரம். இங்கிலாந்தில் 1275ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் வந்தது. உடைந்த கப்பலிலிருந்து ஒரு மனிதனோ ஒரு நாயோ ஒரு பூனையோ உயிருடன் தப்பினால், அந்தச் சரக்கை உடைகலப் பொருள் என்று அரசன் எடுக்கக்கூடாது. உடையவன் ஓராண்டும் ஒரு நாளும் முடிவதற்குள் வந்து நிரூபித்தால் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். பூனை தப்பினால் பொருள் தப்பும்!

இவற்றோடு வைத்துப் பார்த்தால் நயினாதீவுக் கல் கணபதிதேவரின் தூணைப் போல் தாராளமானது இல்லை. பாதியை எடுத்துக்கொள்வது சிறிய பங்கும் இல்லை. ஆனால் அது ஒரு கணக்கை எழுதி வைத்தது. எவ்வளவு போகும், எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கப்பல் புறப்படுமுன்னரே வணிகன் அறிந்துகொள்ளலாம். துறை அதிகாரியின் மனம்போல நடந்த இடத்தில் நாலில் ஒன்று, இரண்டில் ஒன்று என்று ஒரு வாய்ப்பாடு வந்தது. வணிகனுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு.

பயணி இப்னு பதூதா இந்த வேறுபாட்டை நேரில் கண்டவர். மலபாரின் மற்றத் துறைகளில் உடைந்த கப்பலின் பொருள் அரச கருவூலத்துக்குப் போகும், கோழிக்கோட்டில் மட்டும் உடையவனுக்கே விடப்படும், அதனால்தான் அங்கே வணிகர்கள் திரள்கிறார்கள் என்று அவர் எழுதினார். கோழிக்கோட்டுக் கரையில் நின்று, சீனாவுக்குப் புறப்படவிருந்த கப்பல் புயலில் சிதைந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். 1344இல் புத்தளத்தில் யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார்; அந்த அரசனின் சிறிதும் பெரிதுமான கப்பல்கள் நூறை மாபார் கரையில் ஒருசேரக் கண்டதாகவும் சொல்கிறார். அங்கிருந்து தமிழகக் கரைக்குப் போகும் வழியில் அவருடைய கப்பலும் ஆழமற்ற கடலில் தட்டியது. பாய்மரத்தை வெட்டினார்கள், சரக்கைக் கடலில் எறிந்தார்கள். கப்பலின் பின்புறத்தில் அமர்ந்தபடி இரவைக் கழித்த அவரை, காலையில் அந்தக் கரையின் மக்கள் படகில் வந்து மீட்டார்கள்.

இனி யானைக்கு வருவோம். கல்லைப் படிக்கும் எவரையும் இது ஒரு கணம் நிறுத்தும். யானைக்குப் பேர்போன இலங்கைக்கு யானையை ஏன் கப்பலில் கொண்டுவர வேண்டும்? விடை சூளவம்சம் என்ற பாளி வரலாற்று நூலில் கிடைக்கிறது. பராக்கிரமபாகு 1160களில் இராமண்ண தேசத்தின் மீது, அதாவது இன்றைய பர்மாவின் மீது, கடற்படை அனுப்பினார். அந்தப் போருக்குச் சூளவம்சம் அடுக்கும் காரணங்களில் ஒன்று யானை வாணிபம்: அந்நாட்டு அரசன் யானை விற்பதைத் தடுத்தான், விலையை ஏற்றினான். மாவனல்லைப் பக்கத்திலுள்ள தேவனகலப் பாறைச் சாசனம், அந்தப் படையெடுப்பில் சேவை செய்த தளபதிக்கு மன்னர் நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. ஆக, போர் நடந்தது கதையன்று. இலங்கை ஆண் யானைகளில் கொம்பன்கள் மிகச் சில. படைக்கும் பவனிக்கும் கொம்பன்களைத் தேடியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. குதிரையோ இந்தத் தீவில் பிறவாத விலங்கு. அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கடல்வழி வந்ததுதான். யானைக்கும் குதிரைக்கும் அரச பண்டாரம் தன் பங்கைப் பாதியாகக் குறைத்ததன் பொருள் இப்போது விளங்கும். வணிகனின் அச்சத்தைக் குறைத்துத் தனக்கு வேண்டிய சரக்கை வரவழைத்த விலைச்சலுகை அது.

துறை செழித்தால் பகைவனின் கண்ணும் அங்கே விழும். பாண்டிய நாட்டு வாரிசுப் போரில் பராக்கிரமபாகு தலையிட்டுப் படை அனுப்பியபின், சோழர்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் இராஜாதிராஜனின் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, ஈழத்து மன்னன் ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வலிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களில் படை திரட்டிக் கப்பல்களும் கட்டுவதை அறிந்து, அண்ணன் பல்லவராயன் என்ற சோழ அதிகாரி எடுத்த நடவடிக்கையைச் சொல்கிறது. பராக்கிரமபாகுவின் மருமகன் ஸ்ரீவல்லபனையே படையோடு அனுப்பி இந்த இடங்களுள் புலைச்சேரி, மாதோட்டம் உட்படப் பலவற்றை அழித்து, யானைகளைப் பிடித்துச் சென்றார்கள். ஊராத்துறையில் யானை இறங்கியதை நயினாதீவுக் கல் குறிப்பால் உணர்த்துகிறது. அந்தத் துறைகளில் யானை இருந்தது என்று சோழநாட்டுக் கல் பகைவன் வாயால் ஒப்புக்கொள்கிறது. ஒரே துறைமுகத்தைப் பற்றி இரு கரைகளிலிருந்தும் இரண்டு கற்கள் பேசுவது வரலாறு எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் பாக்கியம் அன்று.

மூன்றாவது சாட்சி மண்ணுக்குள் இருந்தது. பண்ணைப் பாலம் கடந்ததும் வேலணைத் தீவில் அல்லைப்பிட்டி வரும். 1970களில் அங்கே சீனப் பீங்கான் உடைவுகள் வெளிப்பட்டன. ஜோன் காஸ்வெல் அவற்றை ஆராய்ந்தார். வட சுங் காலத்தவை, தென் சீனச் சூளைகளில் சுட்டவை. 2018இல் சாங்காய் அருங்காட்சியகக் குழு இலங்கைத் தொல்லியலாளர்களோடு சேர்ந்து அல்லைப்பிட்டியில் அகழ்ந்தபோது, 600க்கு மேற்பட்ட பீங்கான் துண்டுகள் கிடைத்தன. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் உரியவை. கல்லில் ‘பரதேசிகள்’ என்று ஒரே சொல்லில் அடங்கியவர்களின் சரக்கில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதை இந்தக் கிண்ணத் துண்டுகள் சொல்கின்றன.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். நயினாதீவுக் கோயிலும் அவர்கள் காலத்தில் இடிபட்டது. 1788இல் மீண்டும் எழுந்தது. ஊராத்துறையை அவர்கள் தம் மொழியில் கைஸ் என்றார்கள். இறங்குதுறை என்று பொருள். அதுவே ஆங்கிலேயர் வாயில் கேய்ற்ஸ் ஆனது. ஆனால் அப்போது யானை எதிர்த் திசையில் பயணம் செய்தது. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியே நடத்திக் கொண்டுவந்து, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேற்றினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் யானை விற்பனை நடந்தது. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர்கள் வந்தார்கள்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கோட்டையும் போர்த்துக்கேயர் கட்டியதே. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்களைப் பீரங்கியைவிடத் தாகம் அதிகம் வாட்டியது. குடிதண்ணீர் முடிந்தது, சரணடைந்தார்கள். நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த கோட்டை தண்ணீரில்லாமல் விழுந்தது. இலங்கையின் வடிவத்தைப் பன்றித் தொடையாகக் கண்ட ஒல்லாந்தர், தொடையின் குதிக்கால் என்ற பொருளில் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். தீவுகளுக்கெல்லாம் தம் நகரங்களின் பெயர்களையே சூட்டினார்கள்: வேலணை லெய்டன், காரைநகர் அம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம். எல்லாப் பெயரும் உதிர்ந்துவிட்டன. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் நிலைத்தது.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஒரு மணி நேரம் ஓடும். அங்கே வேலிகளே முருகைக்கல்லால் அடுக்கியவை, சாந்து கிடையாது. அந்தக் கல்வேலிகளுக்கு அப்பால், தீவின் தெற்கு வெளியில், மட்டக்குதிரைகள் கூட்டமாக மேயும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெப்டினன்ட் எட்வர்ட் நோலன் என்ற அயர்லாந்துக்காரர் இங்கே குதிரை வளர்ப்பை மேற்பார்த்தார். லாயத்தின் தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. ஒருகாலத்தில் குதிரையை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் மூன்று பங்கு உனக்கு என்று அரசன் சலுகை கொடுத்து வரவழைத்த விலங்கு, உடையவன் யாரும் இல்லாமல் இந்தக் கடலிலேயே ஒரு தீவில் தங்கிவிட்டது. 2015இல் அந்த வெளி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வறட்சி கடுமையான ஆண்டுகளில் குளங்கள் வற்றிக் குதிரைகள் சாகின்றன. நல்ல தண்ணீர் சாராப்பிட்டிக் கிணறுகளில் இருக்கிறது. மனிதருக்கே அதை அளந்துதான் எடுக்க வேண்டும்.

நெடுந்தீவுக் கடல்வழியை எழுதும்போது குமுதினியை விட்டுவிட முடியாது. 1985 மே 15ஆம் திகதி காலை, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட அந்தப் பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தை உட்பட இருபதுக்கு மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் கடற்படையினரே செய்தார்கள் என்று சாட்சி சொன்னார்கள். நெடுந்தீவில் நினைவுச்சின்னம் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ஊர் அங்கே கூடுகிறது. கடலில் வருகிறவனைக் காப்போம் என்று எழுதிய கல் அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்துத் தீவில் 800 ஆண்டுகளாகக் கிடக்கும் நிலையில் அது நடந்தது.

கல்லின் கதைக்கு இன்னொரு கல்லை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டிய, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட மும்மொழிக் கல் காலியில் இருந்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உண்டு. 1911இல் டொமலின் என்ற பொறியியலாளர் அதைக் கண்டெடுத்தபோது, வீதி மதகொன்றுக்கு மூடியாக எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்தது. இன்று அது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போனதால்தான் பிழைத்தது. நயினாதீவுக் கல் எங்கும் போகவில்லை. கோயில் இடிந்தது, எழுந்தது. போர் வந்தது, 1990களில் தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். கல் தன் ஊரிலேயே இருந்தது. கண்ணாடிப் பெட்டியும் காவலாளியும் இல்லாத அருங்காட்சியகம் அது. கோயிலுக்கு எண்ணெய் எரிக்கிறவர்களே அதற்கும் காவல். இருந்தாலும், கோயிலுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் நின்று வாசிக்கும்படி அந்த வரிகளின் பொருளை இன்றைய தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகையில் எழுதி அருகே வைப்பது பெரிய செலவில்லை. விகாரைக்கு வரும் தென்னிலங்கை யாத்திரிகரும் தம் பேரரசன் தமிழில் சட்டம் எழுதியதை அங்கே படிக்கலாம்.

சட்டம் செல்லுபடியான துறையைப் பார்க்க வேண்டுமானால் ஊர்காவற்றுறைக்குப் போக வேண்டும். பெரிய கப்பல்கள் வருவது நின்று நெடுங்காலம் ஆகிவிட்டது. இழைப்படகுகள் கட்டியிருக்கும், நண்டு பிரித்தெடுத்த வலைகள் காயும். அங்கிருந்து காரைநகருக்குக் குறுகிய கடலைக் கடக்க ஒரு மிதவை ஓடுகிறது; இந்த ஊர்களில் அதற்குப் பெயர் ‘பாதை’. சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் ஆட்களுமாக ஏறி, சில நிமிடத்தில் அக்கரை சேரலாம். கடக்கும்போது இடது கைப்பக்கம் கடலுக்குள் ஹம்மன்ஹீல் கோட்டை தெரியும். 1971 கிளர்ச்சியின் பின் கைதானவர்களை அடைத்து வைத்த இடம் அது; இப்போது கடற்படை நடத்தும் விடுதி.

அடுத்த பகுதி இந்தப் பாதையின் அக்கரையில், காரைநகரில் தொடங்கும்.

(தொடரும்)